காரம் பார்க்கிற தொண்டை

செருப்பு அங்கயே கெடக்கட்டுங்க அம்மிணி, ஆரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாங்க. உள்ள வாங்க. பூண்டு வாசம் கண்ணக் கரிக்கும், சித்த நேரத்துல பழகிரும். மாராத்தா, அந்தச் சேரைத் தொடச்சுப் போடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்காங்க.

நாந்தான் சென்னியப்பன். நேத்துப் போன்ல கத்துனவன். நீங்கதான் எடுத்தீங்களா? அட, குரலக் கேட்டப்ப வயசானவங்கன்னு நெனச்சேன். சின்னப் புள்ளையா இருக்கறீங்க. உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. உங்க மிசினு மேலதான் கோவம். அந்தக் கருமத்தை நம்பித்தான் என்ற பொண்டாட்டி இன்னைக்கு வயித்துல குழாயோட கெடக்கறா. திருப்பி வாங்கிட்டுப் போகத்தானே வந்தீங்க? தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா என்ன நடந்துச்சுன்னு முழுசாக் கேட்டுட்டு, அங்க போயி பெரிய டாக்டர்கிட்ட அப்படியே சொல்லோணும். நான் எதையும் மறைக்க மாட்டேன். மறைக்கறதுக்கு என்ன இருக்குது?

எங்க தொக்கு சாப்பிட்டிருக்கீங்களா? பாட்டில் மேல ஒரு பொம்பள படம் இருக்கும், மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு. அது எங்கூட்டுக்காரிதான். பாவாயம்மா பூண்டுத் தொக்கு. படம் புடிக்கறன்னைக்குச் சிரி புள்ள, சிரி புள்ளன்னு கெஞ்சுனேன். மாட்டேன்னுட்டா. தாராபுரத்துலிருந்து பல்லடம் வரைக்கும் எந்த மண்டபத்துல கல்யாணம்னாலும் எலையில எங்க தொக்கு இருக்கும். பந்தியில ஒக்காந்தவன் ரெண்டாந்தடவை கேக்கறானா இல்லியான்னு நான் அக்கட்ட நின்னு பாப்பேன். கேப்பான். கேக்காம ஒருத்தன் எந்திரிச்சா எனக்கு அன்னைக்குப் பூராச் சோறு எறங்காது.

எல்லாம் பதந்தானுங்க. பூண்டை ஆரு வேணாலும் வதக்கலாம், புளியை ஆரு வேணாலும் கரைக்கலாம். அடுப்புலிருந்து எறக்கறதுக்கு மின்னாடி பாவாயி ஒரு சின்னக் கரண்டி எடுத்து, ஊதி, வாயில போடுவா. மெல்ல மாட்டா, நேரா முழுங்குவா. முழுங்கிப்போட்டுக் கண்ண மூடிட்டு நிப்பா. நாக்கு உப்பைத்தான் சொல்லும், காரத்தைத் தொண்டைதான் சொல்லோணும்பா. எறங்கறப்ப எங்க சுடுது, எறங்குனதுக்கப்பறம் எத்தன நேரம் நிக்குதுன்னு பாப்பா. அப்பறம் வாணல் விளிம்புல வெரலுல தட்டுவா. ஒரு தட்டுன்னா உப்பு பத்தல. ரெண்டு தட்டுன்னா காரம் தூக்கல், வெல்லம் போடு. கையை விரிச்சுக் காட்டுனா எறக்கிரலாம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. கல்யாணம் ஆனதிலிருந்தே அவ பேசறவ இல்லீங்க. நான் பேசறதே ரெண்டு பேருத்துக்கும் போதும்.

நீங்களே பதம் பாக்கறதுதானேங்கறீங்களா? நான் போயிலை போடறவன் அம்மிணி, என்ற நாக்குல ஒண்ணும் ஏறாது. மாராத்தாளா? அவளுக்கு எதை ஊத்துனாலும் நல்லாருக்குதுங்க மொதலாளிம்பா. கூலிக்கு வர்றவ நாக்கு வேற, மொதலாளியம்மா நாக்கு வேற. கோவிச்சுக்காதே மாராத்தா, இருக்கறதத்தானே சொல்றேன்.

தை மாசம், முகூர்த்தம் நெருக்கி அடிக்குது, அந்த வாணலு முன்னாலதான் பாவாயி உழுந்தா. முழுங்கிப்போட்டுக் கண்ண மூடுனவ தொறக்கவே இல்ல. கையி விளிம்புல டொக்கு டொக்குன்னு அடிச்சுட்டே இருந்துச்சு. நான் காரம் ரொம்பத் தூக்கலாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டு, வெல்லத்தைக் கொண்டான்னு மாராத்தாளுக்குச் சத்தம் போட்டேன். வெல்லம் போட்டும் அடிக்கறா. இன்னும் போடுன்னேன். மாராத்தா கத்துனதுக்கப்பறந்தான் திரும்பிப் பாத்தேன், வாயி ஒரு பக்கமாக் கோணிக் கெடக்குது. அந்த வாணலு சரக்கு பூராவும் சாக்கடையில கொட்டுனோம். பதம் தெரியாத சரக்கை நான் விக்க மாட்டேன். அது ஒரு ஒழுக்கம்ங்க.

கோயமுத்தூர்ல உங்க ஆஸ்பத்திரியில சேத்தேன். உசுரக் காப்பாத்திக் குடுத்தீங்க, இல்லேங்கல. வலக்கையி, வலக்காலு போச்சு. பேச்சுப் போச்சு. அதெல்லாம் பொறுத்துக்கலாம். தொண்டையும் போச்சுன்னாங்க பாருங்க, அப்பத்தான் எனக்குக் கையுங் காலும் ஓடல. அழுதுட்டேன். நர்சம்மா எல்லாம் பாத்துட்டு, இப்படி ஒரு புருசனான்னு பேசிக்கிட்டாங்க.

உங்களுக்கு மேல ஒரு அம்மா இருக்குதே, கண்ணாடி போட்டுட்டு, அதுதான் அந்த மிசினக் குடுத்துச்சு. இத்தினியூண்டு, ஒரு ரூவாத் துட்டாட்ட. கழுத்துல தொண்டக்குழிக்கு மேல ஒட்டிக்கோணும். முழுங்கறப்ப போன்ல கோடு ஓடும். ஒழுங்கா எறங்குனாப் பச்சை. மூச்சுக் கொழாய்க்குள்ள போச்சுன்னாச் செகப்பு, கீச்சுனு ஒரு சத்தம். என்ற போன்ல, பெங்களூருல இருக்கற மக வாசுகி போன்ல, உங்க ஆஸ்பத்திரியில, மூணு எடத்துலயும் தெரியும். கஞ்சியக் கெட்டியாக் கரைச்சு நிமுந்து ஒக்கார வெச்சுக் குடுங்க, தண்ணி மாதிரி இருக்கறது ஆகாது, காரம் ஆகவே ஆகாது, செகப்பு வந்தா உடனே நிறுத்துங்கன்னு அந்தம்மா சொல்லுச்சு. இன்னொண்ணும் சொல்லுச்சு, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இவங்களுக்குப் பொரை ஏறும், ஆனா இருமல் வராது, சத்தமில்லாம நுரையீரலுக்குள்ள போகும்னுச்சு. பொரை ஏறுனா இருமாம இருக்க முடியுங்களா? கொழந்தைக்குக்கூடத் தெரியும். படிச்சவங்க எதாச்சும் சொல்லோணும்னு சொல்றாங்கன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

வந்து கொஞ்ச நாளு நீங்க சொன்னபடிதான் நடந்தேன். ஆனா தொழிலப் பாக்கோணுமே? பதமில்லாம ரெண்டு வாணலு எறக்குனேன். எங்க சரக்கு வாங்கற சமையக்காரரு பல்லடத்துலிருந்து கூப்புட்டு, சென்னியப்பா, பாவாயம்மா செத்துப்போச்சான்னு கேட்டாரு. அந்த வார்த்தை என்னை அறுத்துருச்சுங்க. உசுரோட இருக்கறவளச் செத்துப்போச்சான்னு கேக்கறதா? அவ ஒக்காந்திருக்கற சக்கர வண்டியத் தள்ளிட்டு வா மாராத்தான்னேன். அவளை வாணலு முன்னால கொண்டு வந்து நிறுத்துனேன். அவ மொகம் எப்படி ஆச்சுங்கறீங்க! கண்ணு பெருசாச்சு. இடக்கையில என்ற மணிக்கட்டை எட்டிப் புடிச்சா, நகம் பதியற மாதிரி. தொழில் மேல அத்தனை பிரியம். நானே ஊதி, நானே வாயில ஊட்டுனேன். முப்பத்தஞ்சு வருசத்துல அவளுக்கு நான் ஊட்டிவிட்டது அதான் மொத தடவ.

கீச்சுன்னு சத்தம். போன்ல செகப்பு. ஆனா அவ இருமுனாளான்னு கேளுங்க. இருமவே இல்ல. கண்ணுல தண்ணி ஊத்துச்சு, காரம்னா ஊத்தாதா? மாராத்தா ஓடிவந்து அவ உச்சந்தலையில தட்டி, ஆரோ நெனைக்கறாங்க, ஆரோ நெனைக்கறாங்கன்னா. சொல்லி வாய மூடல, வாசுகி போன் அடிக்குது. அப்பா, செகப்புக் காட்டுதே, அம்மாவுக்கு என்ன குடுத்தேன்னு. மாராத்தா வாயப் பொளந்துட்டா. நானுந்தான். மக நெனச்சிருக்கறா, இங்க பொரை ஏறியிருக்குது, மிசினு அதைக் காட்டிக் குடுத்துருச்சு! அன்னைக்கு உங்க மிசினு மேல எனக்கு எத்தன மரியாதை வந்துச்சு தெரியுங்களா?

பொறகு தெனமும் இதே கூத்துத்தான். கரண்டி வாயில போகும், கீச்சுங்கும், மாராத்தா தலையில தட்டுவா, நான் இன்னைக்கு ஆரு நெனைக்கறாங்க புள்ள, பல்லடத்துச் சமையக்காரரான்னு கேப்பேன். எல்லாரும் சிரிப்போம். பாவாயி மட்டும் சிரிக்க மாட்டா. இடக்கையில தட்டி பதம் மட்டும் சொல்லிருவா. அதுல ஒரு கொறை சொல்ல முடியாது. சரக்கு பழைய மாதிரியே பறந்துச்சு.

ஆனா உங்க ஆளுக விட்டாங்களா? ஒருநாளைக்கு ரெண்டு மூணு வாட்டி போன். என்ன குடுத்தீங்க, எப்படிக் குடுத்தீங்க, ஏன் செகப்பு வருது. நான் கஞ்சிதான் குடுத்தேம்பேன், மருந்து குடுத்தேம்பேன். எங்கூட்டு அடுப்படியில நடக்கறதக் கோயமுத்தூருல ஒக்காந்துட்டுக் கேள்வி கேட்டா எந்த ஆம்பளைக்குத்தான் பொறுக்கும்? வாணலு எறக்கற நேரம் வந்தா மிசினக் கழட்டி வெச்சேன். அதுக்கும் போன். சிக்னல் வரலீங்க ஐயா, ஒட்டியிருக்குதான்னு பாருங்கன்னு. சரி, இவங்களுக்கு என்ன வேணும்? ஒரு கழுத்து வேணும். மாராத்தா கழுத்துல ஒட்டிவிட்டேன்.

ஏனுங்க அம்மிணி, இப்படிப் பாக்கறீங்க? சும்மா கொஞ்ச நேரத்துக்குத்தான். அப்பறம் எதுக்கு ஒட்டறது, பிக்கறதுன்னு மாராத்தா கழுத்துலயே உட்டுட்டோம். அவளும் பொம்பள, இவளும் பொம்பள. அவ வெத்தலை போடுவா, டீ குடிப்பா, மத்தியானம் பழைய சோத்தைக் கரைச்சு ஒரு சொம்பு ஊத்துவா. போன்ல ஒரே பச்சை. மழை பேஞ்ச காடு மாதிரிப் பச்சை. அதுக்கப்பறம் போன் தொந்தரவு ஒண்ணு கெடையாது. ஒருநாளு அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவே கூப்புட்டுச்சு. ஐயா, இத்தன சீக்கிரம் இப்படித் தேறி நாங்க பாத்ததில்ல, நீங்க நல்லாப் பாத்துக்கறீங்கன்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. இந்த வீட்டுல அவளுக்காக நான் பட்ட பாட்டை வாயத் தொறந்து சொன்னது அந்த ஒரு அம்மாதான்.

இனிமே கொழஞ்ச சோறு குடுக்கலாம், ரசம் குடுக்கலாம், தண்ணியும் குடுக்கலாம்னு அந்தம்மாதான் சொல்லுச்சு. நானாக் குடுக்கல. அதை நல்லா நெனப்புல வெச்சுக்குங்க. சோறு குடுத்தேன், ரசம் குடுத்தேன். பதத்துக்கு மின்னெல்லாம் ஒரு கரண்டிதான், சீசன் நெருக்கடியில நாலஞ்சு வாணலு ஓடும், அதுக்குத் தக்கன குடுத்தேன். பாவாயி எளைச்சா. மூச்சு விட்டா உள்ள கொளகொளன்னு சத்தம். காச்சல் வரும், போகும். வெயில் காலமாச்சே, சூடுன்னு தலைக்கு எண்ணெ வெச்சேன். வைகாசி கடைசி முகூர்த்தத்தன்னைக்கு ஒதடெல்லாம் நீலம் பாஞ்சு போச்சு.

உங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் புடிச்சுட்டு டாக்டரு கேக்கறாரு, நுரையீரல் பூராக் கெட்டிருக்குதே, எத்தன நாளா உள்ள போயிட்டிருக்குது, என்னதான் குடுத்தீங்கன்னு. நான் போன நீட்டினேன். பாருங்க, ஒரு செகப்பு இருக்குதான்னு பாருங்க. எல்லாம் பச்சை. உங்க மிசினு, உங்க பச்சை. அவரு போன வாங்கித் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. நேத்து நான் போன்ல கேட்டதும் அதத்தான். பச்சை காட்டிட்டே ஒரு மனுசியச் சாவக் கெடத்துன மிசினை எப்படிங்க ஊருக்குக் குடுக்கறீங்க?

என்னது? மாராத்தா கழுத்துலதானே இருந்துச்சுங்கறீங்களா? அட, அது நான் சொன்னதுனாலதானே உங்களுக்குத் தெரியுது? மிசினுக்கே தெரியோணுமல்ல? தொண்டையில எறங்கறது பச்சையா செகப்பான்னு கண்டுபுடிக்கத் தெரியுது, எந்தத் தொண்டைன்னு கண்டுபுடிக்கத் தெரியாதா? இதையெல்லாம் நீங்க கேக்க வேண்டிய எடத்துல கேளுங்க. எங்கிட்டக் கேக்காதீங்க.

வாசுகி எங்கிட்டப் பேசறதில்ல இப்ப. பெங்களூருக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்னு வந்து நின்னா. நான் உடல. கட்டுன புருசன் இருக்கறப்ப மக வூட்டுல போயி கெடந்தா ஊரு என்ன பேசும்? அழுதுட்டே போனா. போறப்ப, நீ அவள மனுசியாவே பாக்கலப்பான்னா. கேட்டீங்களா? பாட்டில் மேல அவ படத்தைத்தானே போட்டேன்? என்ற படத்தையா போட்டேன்?

சரி, வயித்துல குழாயப் போட்டு அனுப்பிட்டீங்க. வாயில ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னுட்டீங்க. மொதல்ல எனக்கு வருத்தந்தான். அப்பறம் நெனச்சுப் பாத்தா, ஒரு வழியில நல்லதாத்தான் போச்சு. சாப்பாட்டுக்குக் குழாய் ஆச்சு, இனிமே வாயி தொழிலுக்கு மட்டும். நாக்குல வெக்கறது, கிண்ணத்துல துப்பச் சொல்றது. முழுங்க வேண்டியதே இல்ல. உங்க சொல்லை நான் மீறல பாருங்க. துப்பறா. உப்புக்குத் தட்டறா. ஆனா காரம் புடிபடல. போன வாரம் உடுமலைக்குப் போன சரக்கு அப்படியே திரும்பி வந்துருச்சு, கொழந்தைக வாயி வெந்துபோச்சுன்னு. தொண்டையில எறங்காம எப்படிங்க காரம் தெரியும்? ஆவணி பொறந்தா வரிசையா முகூர்த்தம். என்ற நெலமைய நெனச்சுப் பாருங்க.

அவளப் பாக்கோணுமா? தாராளமாப் பாருங்க. மாராத்தா, அம்மாவத் தள்ளிட்டு வா. வாணலும் எறக்கற நேரமாச்சு.

வா புள்ள. இந்த அம்மிணி ஆஸ்பத்திரியிலிருந்து உன்னப் பாக்க வந்திருக்குது. ஏனுங்க, தரையில ஒக்காராதீங்க, சேர் இருக்குதல்ல. என்னங்க அவ காதுக்கிட்ட மெதுவாக் கேக்கறீங்க? அவளுக்குப் பேச்சு வராது. எங்கிட்டக் கேளுங்க, நான் சொல்றேன். கைய ஏன் புடிச்சுட்டிருக்கறீங்க?

மிசின ஒட்டிப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க, அதுக்குத்தானே நானும் வரச் சொன்னது. எச்சையை முழுங்கச் சொல்றீங்களா? முழுங்கு புள்ள. ஆ! கேட்டுதா? செகப்பு. பாத்தீங்களா அம்மிணி? அத்தன நாளும் பச்சை, இன்னைக்கு வெறும் எச்சைக்குச் செகப்பு. ஒரே மிசினு, ஒரே வீடு. கெட்டுப்போன மிசினுன்னு உங்க கண்ணாலயே பாத்துட்டீங்க. இனி நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

சித்த இருங்க, அக்கட்ட ஆருக்குப் போன் பண்றீங்க? வாசுகிக்கா? அவ நெம்பரு உங்களுக்கு எப்படித் தெரியும்? சரி சரி, பேசுங்க, எனக்கென்ன பயம்? மாராத்தா, கரண்டியக் குடு. தீயுது பாரு. பொறு, நான் ஊதறேன். நாக்க நீட்டு புள்ள. அவ்வளவுதான். உப்புப் பாத்துட்டுத் துப்பு. இந்தா கிண்ணம். துப்பு.

துப்பு புள்ள. அந்தப் பொண்ணு பாக்குது, துப்பு.

முழுங்கிட்டா. நான் சொல்லலீங்க, நீங்களே பாத்தீங்க, அவளாத்தான் முழுங்குனா. மிசினு கத்துனாக் கத்தட்டும், அது கெட்டுப்போனது. இருமல் இருக்குதா பாருங்க. பாவாயி, காரம் எப்படி? தட்டு. தட்டிச் சொல்லு. என்ன புள்ள, தட்டாம வாயத் தொறக்கறே? இன்னொரு கரண்டி வேணுமா?

பாருங்க அம்மிணி, இத்தன நாளு தாடையப் புடிச்சு அமுக்கித்தான் ஊட்டுவேன். இன்னைக்கு அவளாத் தொறக்கறா. என்னையவே பாத்துட்டுத் தொறக்கறா. மாராத்தா, கரண்டி நெறைய மொண்டு குடு. அம்மிணி, என்ற கைய ஏன் புடிக்கறீங்க? உடுங்க. கட்டிட்டு வந்த நாளா எங்கிட்ட எதுவும் வேணும்னு அவ கேட்டதில்ல. கைய உடுங்க. அவளே கேக்கறா.